ஓய்வறிந்த வேகம்

வவுனியா நகரிலிருந்து ஏ-9 வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்பவர், ஓமந்தையைக் கடந்து, பாலையும் முதிரையும் வீரையும் இருமருங்கும் நிற்கும் காட்டுப் பரப்பினூடே மேலும் சிறிது தூரம் போனதும், கிழக்கே நெடுங்கேணிக்கும் அதற்கப்பால் முல்லைத்தீவுக்கும் பாதை பிரியும் சந்தியொன்றை அடைவார். அதுவே புளியங்குளம். 1990ஆம் ஆண்டு தொடக்கம் போரும் பொருளாதாரத் தடையும் வன்னிப் பெருநிலத்தைச் சூழ்ந்திருந்த காலத்தில், மின்குமிழ் எரிவதையே கண்டறியாத பிள்ளைகள் ஜாம் போத்தலுக்குள் திரியிட்ட விளக்கின் வெளிச்சத்தில் பாடம் படித்தார்கள்; செய்தி கேட்க விரும்பிய பெரியவர்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி, அதில் பிறந்த சிறு மின்சாரத்தைக் கொண்டு வானொலியை இயக்கினார்கள். 1997 மே மாதத்தில் ஜெயசிக்குறு என்ற பெயரில் படை நடவடிக்கை தொடங்கியபோது இச்சந்தியும் போர்க்களமாயிற்று. போர் முடிந்து, 2013 செப்டெம்பரில் ஓமந்தையிலிருந்து கிளிநொச்சி வரை புகையிரதப் பாதை மீண்டும் திறக்கப்பட்டு, மின்கம்பிகளும் வந்து சேர்ந்த பின்னரும், ஒரு வாற்று மின்சாரத்தின் பெறுமதியைக் கையால் சுழற்றி அறிந்த ஞாபகம் இப்பகுதி மக்களை விட்டு அகலவில்லை. ஆகையால், மேசைக் கணினியின் வேகத்தைக் கூட்டும் வித்தையைப் பற்றி எழுதப் புகும்போது, அதனை இவ்வூரில் நின்று நோக்குவதே பொருத்தம் என்று கருதுகிறேன். அவ்வித்தையின் சிறந்த பகுதி, கூட்டிய வேகத்தோடு யந்திரத்தின் ஓய்வையும் கெடாமல் காப்பதிலேயே அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இங்கே வீட்டின் முன்னறையையே கடையாக்கி, படிவம் நிரப்புதல், போட்டோக் கொப்பி எடுத்தல், கலியாண வீட்டு வீடியோ தொகுத்தல் ஆகிய தொழில்களை நடத்திவரும் இளைஞர் ஒருவரின் கணினியைச் சமீபத்தில் பார்க்கும் சந்தர்ப்பம் வாய்த்தது. கொழும்பில் பழையதாக வாங்கிய யந்திரம்; உள்ளே இருப்பது 2011ஆம் ஆண்டில் இன்டெல் வெளியிட்ட ஐ5-2500கே என்ற புரோசசர். வீடியோவை முடித்து வெளியே எடுக்கும் வேலை விரைவாக நடக்கவேண்டும் என்று அதன் வேகத்தை 3.3 கிகாஹேர்ட்ஸிலிருந்து 4.4 ஆக உயர்த்தியிருந்தார். காலையில் போட்டால் இரவில் கடை பூட்டும் வரை அது எரிந்துகொண்டே இருக்கும். நான் சென்றபோது வாடிக்கையாளர் எவருமில்லை. திரையில் ஒரு வேலையும் நடக்கவில்லை. ஆயினும் பெட்டியின் பின்புறத்தில் கையை வைத்தபோது காற்று சுட்டது.

"தம்பி, ஒரு வேலையும் நடக்கேல்லையே, பிறகேன் இது சுடுகாத்து விடுது?" என்று கேட்டேன்.

"ஐயா, பயோஸுக்குள்ள சி1இ, ஸ்பீட்ஸ்டெப், சி-ஸ்டேட் எல்லாத்தையும் ஓஃப் பண்ணினால்தான் கூட்டின ஸ்பீட் நிண்டு பிடிக்கும் எண்டு சொல்லுறாங்கள். அப்பிடியே செய்துபோட்டன்" என்றார் அவர்.

கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரையாகிய பயோஸைப் பற்றி அவர் சொன்னது அவர் கற்பித்துக்கொண்டதன்று. உலகெங்கும் ஓவர்குளொக், அதாவது இவ்வாறு வேகம் கூட்டுதல், செய்பவர்களிடையே பல வருடங்களாக வழங்கிவரும் உபதேசம் அது. ஒரு காலத்தில் அதற்கு நியாயமும் இருந்தது. இப்பொழுது அது எவ்வளவு தூரம் பொருந்தும், அதனைப் பின்பற்றுவதால் நேரும் விரயம் எத்தன்மையது என்பதை அறிய வேண்டுமானால், புரோசசர் எவ்வாறு ஓடுகிறது, எவ்வாறு ஓய்கிறது என்ற இரண்டையும் சற்று நிதானமாக நோக்க வேண்டும்.

இலங்கைப் பாடநூல்கள் மைய முறைவழியாக்க அலகு என்று குறிக்கும் இப்பாகம் ஒரு தாளத்துக்குக் கட்டுப்பட்டே தொழிற்படுகிறது. பளிங்கொன்றின் அதிர்விலிருந்து உண்டாக்கப்படும் அடிப்படை மீடிறன் ஒன்று; அதனைப் புரோசசர் தன்னுள்ளே உயர்த்திக்கொள்ளும் பெருக்கி மற்றொன்று. அடிப்படை 100 மெகாஹேர்ட்ஸும் பெருக்கி 33உம் ஆனால் வேகம் 3.3 கிகாஹேர்ட்ஸ் ஆகும். ஒரே சிலிக்கன் தட்டிலிருந்து வெட்டியெடுக்கப்படும் சில்லுகள் எல்லாம் ஒரே தரமாக அமைவதில்லை. அவற்றுள் பலவீனமானதும்கூட, உஷ்ணம் மிகுந்த இடத்திலும், பல வருட காலம் பிழையின்றிக் கணிக்க வேண்டும் என்ற முன்யோசனையோடு உற்பத்தியாளர் வேகத்தை நிர்ணயிப்பதால், பெரும்பாலான சில்லுகளில் எழுதப்பட்ட வேகத்துக்கு மேலேயும் சிறிது இடம் எஞ்சியிருக்கிறது. அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்வதே ஓவர்குளொக். அதனால் நேரும் சேதத்துக்கு உத்தரவாதம் பொதுவாகப் பொறுப்பேற்காது என்பதையும் இவ்விடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

இவ்வித்தையைச் சாதாரண மக்களிடையே பிரபலப்படுத்தியது, 1998 ஆகஸ்ட் மாதத்தில் வெளிவந்த செலரோன் 300ஏ என்ற மலிவான சில்லு. அதன் பெருக்கி 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. ஆனால் மதர்போட்டில் 66 மெகாஹேர்ட்ஸ் என்றிருந்த அடிப்படையை 100 ஆக்கியவுடன், 300 மெகாஹேர்ட்ஸ் சில்லு 450இல் ஓடிற்று. விலையில் அதனினும் மிக உயர்ந்த பென்டியம் 2 வகைக்கு அது ஈடு கொடுத்தது. 2007 ஜனவரியில் வந்த கோர் 2 குவாட் கியூ6600 என்ற சில்லை, அடிப்படையை 266இலிருந்து 333 ஆக்கி, 2.4 கிகாஹேர்ட்ஸிலிருந்து 3.0க்கு உயர்த்தியவர்கள் எண்ணற்றோர். 2011 ஜனவரியில் சாண்டி பிரிட்ஜ் என்ற தலைமுறை வந்தபோது நிலைமை மாறிற்று. அடிப்படை மீடிறனோடு வட்டு, விரிவாக்க அட்டை முதலிய ஏனைய பாகங்களின் தாளமும் பிணைக்கப்பட்டுவிட்டதால், அதனைச் சில சதவீதத்துக்கு மேல் அசைக்க முடியாமற்போயிற்று. பெயரின் இறுதியில் 'கே' என்ற எழுத்தைத் தாங்கிய சில்லுகளில் மட்டும் பெருக்கி பூட்டின்றி விடப்பட்டது. நம் இளைஞரின் சில்லு அவ்வகையைச் சேர்ந்தது.

வேகத்தைக் கூட்டினால் வலு எவ்வளவு கூடும்? திரான்சிற்றர்களால் ஆன சுற்றொன்று நிலை மாறும்போது செலவிடும் வலு, அதன் கொள்ளளவத்துக்கும், மீடிறனுக்கும், வோல்ற்றளவின் வர்க்கத்துக்கும் நேர்விகிதமானது. கவனிக்கப்பட வேண்டிய சொல் வர்க்கம் என்பதே. உதாரணமாக, 3.3 கிகாஹேர்ட்ஸில் 1.20 வோல்ற்றில் ஓடும் சில்லொன்றை 4.4இல் நிறுத்துவதற்கு 1.35 வோல்ற்று வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். மீடிறன் மூன்றில் ஒரு பங்கு கூடியது. வோல்ற்றளவு எட்டில் ஒரு பங்கே கூடியது. ஆனால் வலுவோ ஏறத்தாழ 1.7 மடங்காகிவிடுகிறது. வேலை சீக்கிரம் முடிகிறதே என்று சமாதானம் சொல்லலாம். ஒரு மணித்தியால வேலை நாற்பத்தைந்து நிமிடத்தில் முடியும் என்பதும் மெய்யே. ஆயினும் நேரத்தையும் வலுவையும் பெருக்கிப் பார்த்தால், அதே வீடியோவுக்குப் புரோசசர் செலவிட்ட சக்தி கால் பங்குக்கு மேல் கூடியிருக்கும். மீடிறன் கணக்கிலிருந்து கழிந்துபோக, வோல்ற்றளவின் வர்க்கம் மாத்திரம் எஞ்சி நிற்கிறது.

வோல்ற்றளவைக் குறைப்பதே சக்தியைக் காக்கும் பிரதான மார்க்கம் என்ற இவ்விஷயத்தை ஒழுங்குபட ஆராய்ந்து எழுதியவர்களுள் முதன்மையாகக் குறிப்பிடத் தக்கவர், சென்னையில் பிறந்து, பள்ளிப் பருவத்திலேயே அமெரிக்கா சென்ற ஆனந்த சந்திரகாசன். பேர்க்லியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, சாமுவேல் ஷெங், ரொபேர்ட் புரோடர்சன் ஆகியோருடன் சேர்ந்து 1992ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை, குறைந்த வலுவில் இயங்கும் சில்லுகளை அமைக்கும் துறைக்கே அடிக்கல் நாட்டிய கட்டுரைகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. ஒரே சுற்றை மிக விரைவாக ஓட்டுவதிலும் பார்க்க, இரண்டு சுற்றுகளைக் குறைந்த வோல்ற்றில் நிதானமாக அருகருகே ஓட்டினால், அதே அளவு வேலையை மிகக் குறைந்த சக்தியில் முடிக்கலாம் என்று அவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். இன்று நம் கைத்தொலைபேசிகளிலும் கணினிகளிலும் ஒரே சில்லுக்குள் கோர் எனப்படும் பல மையங்கள் அமைந்திருப்பதற்குப் பின்னால் இச்சிந்தனையும் இருக்கிறது. சந்திரகாசன் பின்னர் எம்ஐடி எனப்படும் மாசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பேராசிரியராகிப் பொறியியற் பீடாதிபதியாக விளங்கி, 2025இல் அதன் புரோவோஸ்ட் என்ற உயர் பதவியை ஏற்றார். தமிழ் மக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லவேண்டிய பெயர்களில் அதுவும் ஒன்று.

இனி ஓய்வைப் பற்றிப் பார்ப்போம். மேசைக் கணினி தன் ஆயுளில் பெரும்பகுதியைக் காத்திருப்பதிலேயே கழிக்கிறது. நாம் ஒரு பக்கத்தை வாசிக்கும்போதும், ஓர் எழுத்தைத் தட்டி அடுத்த எழுத்தைத் தேடும்போதும், புரோசசருக்கு அவையெல்லாம் யுகங்களாக நீண்ட ஓய்வு நேரங்கள். அந்த ஓய்வைச் சக்தியாகச் சேமிப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஓடும்போதே மெதுவாக ஓடுவது: வேலை குறைந்தவுடன் பெருக்கியையும் வோல்ற்றளவையும் ஒருசேரத் தாழ்த்திக்கொள்ளும் முறை. இதன் ஆரம்ப வடிவத்தை இன்டெல் 2000 ஜனவரியில் மடிக்கணினிகளுக்கான பென்டியம் 3 சில்லில் ஸ்பீட்ஸ்டெப் என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது. மேசைக் கணினியில் ஏஎம்டி நிறுவனம் 2003இல் அத்லோன் 64 சில்லோடு கூல் அண்ட் குவைட் என்ற பெயரில் கொண்டுவந்தது. மற்றொன்று, ஓட்டத்தையே நிறுத்தி உறங்குவது: இதுதான் சி-ஸ்டேட் என்று பயோஸில் எழுதப்பட்டிருப்பது. சி0 என்பது விழிப்பு நிலை. சி1இல் தாளம் நிறுத்தப்படுகிறது. சி1இ என்பது அதோடு வோல்ற்றளவையும் தாழ்த்தும் நிலை. சி3இல் மையம் தன் தற்காலிக நினைவகத்தை வெறுமையாக்கிவிட்டு இன்னும் ஆழ்ந்து உறங்கும்.

இவற்றுள் சி6 என்ற நிலை தனியே எடுத்துப் பேசத்தக்கது. சில்லுகள் நுண்மையடைய அடைய, தாளம் நின்ற பிறகும் திரான்சிற்றர்களினூடே மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும் பிரச்சினை பெருகிற்று. ஒழுகும் இந்த மின்சாரம் யாருக்கும் ஒரு வேலையும் செய்யாது, வெப்பமாகவே போய்விடும். 2008 நவம்பரில் மேசைக் கணினிக்கு வந்த முதலாவது கோர் ஐ7 தலைமுறையில், ஒவ்வொரு மையத்துக்கும் மின்சாரத்தை அடியோடு துண்டிக்கவல்ல கதவு போன்ற திரான்சிற்றர் அமைப்பைப் பொருத்தினார்கள். மையம் தான் செய்துகொண்டிருந்ததன் நிலையைத் தனியிடமொன்றில் எழுதி வைத்துவிட்டு, அந்தக் கதவு மூடப்பட, கசிவும் இன்றி உறங்கிவிடும். விசையொன்றைத் தட்டினால், மனிதப் புலனுக்கு எட்டாத நேரத்தில் விழித்து, எழுதி வைத்ததைத் திரும்ப வாசித்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு செக்கனுக்குள் பல நூறு தடவை இந்த உறக்கமும் விழிப்பும் நடைபெறுகின்றன என்பதை எண்ணும்போதெல்லாம், இதனைச் சிந்தித்தவர்களின் நுட்பத்தை வியக்காமல் இருக்க முடிவதில்லை. இத்தகைய அமைப்பைப் பயோஸில் ஒரு வரியில் நிறுத்திவிடுவது, வயலில் உழவு முடிந்து வரம்போரத்தில் விட்ட லான்ட்மாஸ்டரின் அக்சிலேற்றரை முழுவதும் இழுத்துக் கயிற்றால் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவதை ஒக்கும்.

பின் ஏன் நிறுத்தச் சொன்னார்கள்? கியூ6600 காலத்து மதர்போட்டுகளில், வோல்ற்றளவைக் கையால் ஓர் எண்ணாகப் பதித்துவிட்டால், பல பலகைகள் அதனைத் தாழ்த்தும் ஆற்றலை இழந்துவிடும். மீடிறன் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அடிப்படை மீடிறனை உயர்த்தியதால் ஓய்வு வேகமும் கூடவே உயர்ந்தது: பெருக்கி 6க்கு இறங்கினாலும், 266 ஆறு மடங்காகி 1.6 கிகாஹேர்ட்ஸ் என்று இருந்தது, 333 ஆறு மடங்காகி 2.0 ஆகிவிடும். ஓய்விலிருந்து முழு வேகத்துக்குப் பாயும் கணத்தில் மின்வழங்கல் தடுமாறி யந்திரம் நின்றுபோவதும் உண்டு. அக்காலத்தில், தடுமாற்றத்துக்குக் காரணம் தேடுபவர் முதலில் இவ்வசதிகளை நிறுத்திவிட்டுப் பார்ப்பது முறையான பரிசோதனையே ஆகும். பரிசோதனைக்காக நிறுத்தியதை மீண்டும் திறந்துவிட மறந்ததும், அந்த மறதியே விதியாக மற்றவர்களுக்குப் போதிக்கப்பட்டதும்தான் வருந்தத்தக்கவை.

சாண்டி பிரிட்ஜ் முதலான பிற்காலச் சில்லுகளில் இந்த இக்கட்டுக்கு நேரான பரிகாரம் உண்டு. ஒவ்வொரு வேகத்துக்கும் எவ்வளவு வோல்ற்று வேண்டும் என்ற அட்டவணை ஒன்றைச் சில்லே தன்னுள் சுமந்திருக்கிறது. கையால் ஒரே எண்ணைப் பதிப்பதற்குப் பதிலாக, ஒஃப்செட் என்ற முறையைத் தெரிந்தெடுத்தால், அட்டவணை அப்படியே இருக்க, அதன் ஒவ்வொரு வரியோடும் நாம் குறித்த சிறு தொகை கூட்டப்படும் அல்லது கழிக்கப்படும். வேலை இருக்கும்போது பெருக்கி 44க்கு ஏறி அதற்குரிய வோல்ற்றைக் கேட்கும். வேலை ஒழிந்ததும் 16க்கு இறங்கி, ஒரு வோல்ற்றுக்கும் குறைவாகக் கேட்கும். 1.6 கிகாஹேர்ட்ஸில் 0.95 வோல்ற்றோடு இருக்க வேண்டிய சில்லு 1.35 வோல்ற்றில் பிடித்துவைக்கப்பட்டிருந்தால், அதே மெதுவான வேகத்திலேயே இரு மடங்கு வலு விரயமாகும் என்பதை மேற்சொன்ன வர்க்கக் கணக்கே காட்டிவிடும்.

ஆயினும் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அனுபவமுள்ளவர்களும் இதில் இடறுகிறார்கள். ஒஃப்செட் தொகை அட்டவணையின் மேல் வரிக்கு மட்டுமன்றிக் கீழ் வரிக்கும் சேரும். முழு வேகத்தில் வோல்ற்று அளவுக்கு மிஞ்சுகிறதே என்று பெரிய தொகையைக் கழித்தால், முழு வேகத்தில் எல்லாம் சரியாக ஓடும். ஆனால் ஓய்வு நிலையில் 0.95 ஆக இருக்க வேண்டியது 0.87 ஆகி, ஒரு வேலையும் செய்யாதபோதே யந்திரம் உறைந்துபோகும். அப்போது பலரும் ஸ்பீட்ஸ்டெப்பைக் குற்றவாளியாக்கி நிறுத்திவிடுகிறார்கள். செய்ய வேண்டியது, கழித்த தொகையைக் குறைத்துக்கொண்டு, மேல் வேகத்துக்கு வேண்டிய திருத்தத்தை வேறிடத்தில் செய்வதே. பல பலகைகளில் டர்போ எனப்படும் உயர் வேகத்துக்கு மாத்திரம் சேரும் மேலதிக வோல்ற்று என்று தனி வரி உண்டு. ஹஸ்வெல் என்ற 2013ஆம் ஆண்டுத் தலைமுறை தொடக்கம் வந்த சில்லுகளில் அடப்டிவ் என்ற முறை இதே காரியத்தைச் செவ்வனே செய்கிறது.

இன்னொரு வரி, லோட்லைன் என்று எழுதப்பட்டிருப்பது. மின்னோட்டம் மிகும்போது வோல்ற்றளவு சற்றே தாழ்வது இயல்பு; அப்படித் தாழும்படியே உற்பத்தியாளர்கள் வேண்டுமென்று அமைத்திருக்கிறார்கள். இத்தாழ்வைப் பிடிக்காதவர்கள் லோட்லைன் திருத்தத்தை உச்ச அளவில் வைத்துவிடுகிறார்கள். அதன் விளைவு வேலை முடியும் கணத்தில் தெரியவரும்: மின்னோட்டம் திடீரென்று விழும்போது வோல்ற்று ஒரு கணம் துள்ளி மேலெழும். ஓய்வு வசதிகளை வைத்திருக்கும் யந்திரம் ஓட்டத்துக்கும் ஓய்வுக்கும் இடையே இடையறாது மாறிக்கொண்டிருப்பதால், இத்துள்ளல் அதனை ஓயாமல் தாக்கும். நடுத்தர அளவே இதற்கு உத்தமம்.

நான் கண்ட அந்தக் கணினியில் பயோஸைத் திறந்து, நிலையாகப் பதித்திருந்த வோல்ற்றை ஒஃப்செட்டுக்கு மாற்றி, சி1இ, சி3, சி6 ஆகியவற்றையும் ஸ்பீட்ஸ்டெப்பையும் மீண்டும் இயக்கினோம். விண்டோஸுக்குள் சென்றபோதும் ஓய்வு நிலையில் வேகம் இறங்கவில்லை. சீபீயூ-ஸெட் என்ற இலவச மென்பொருளின் சிறு பெட்டியில் 44 என்ற பெருக்கி அசையாது நின்றது. தேடிப் பார்த்தபோது, மின்சக்தித் திட்டம் ஹை பெர்போமன்ஸ் என்று தெரிந்தெடுக்கப்பட்டிருந்தது. அத்திட்டத்தில் புரோசசரின் ஆகக்குறைந்த நிலை 100 சதவீதம் என்று எழுதப்பட்டிருப்பதால், பயோஸ் அனுமதித்தாலும் விண்டோஸ் இறங்க விடுவதில்லை. பலன்ஸ்ட் என்ற திட்டத்துக்கு மாற்றியவுடன் 44 என்ற எண் 16க்கு விழுந்தது. அதன் கீழிருந்த வோல்ற்று எண்ணும் கூடவே இறங்கிற்று. சிறிது நேரத்தில் மின்விசிறியின் இரைச்சலும் தணிந்தது. வீடியோ வேலையைத் தொடக்கியதும் மீண்டும் 44. வேகத்தில் ஒன்றும் குறையவில்லை.

எல்லாவற்றையும் ஒருங்கே வைத்திருக்க முடியாதவர் எதனை முதலில் காக்கவேண்டும் என்று என்னைக் கேட்டால், சி6ஐக் காக்கவேண்டும் என்பேன். வோல்ற்றளவு நிலையாகப் பதிக்கப்பட்டிருந்தாலும், உறங்கும் மையத்துக்குக் கதவு மூடப்பட்டுவிடுவதால், அந்த வோல்ற்று அம்மையத்தைச் சென்றடையாது. ஆகவே ஆழ்ந்த உறக்கம் இருக்குமானால் ஸ்பீட்ஸ்டெப் இல்லாத நட்டம் பெரிதன்று; அரைகுறை வேலைகள் நடந்துகொண்டிருக்கும் நேரத்தில்தான் அது தெரியும். உறக்கத்தைக் கெடுத்துவிட்டு, வேகத்தை மட்டும் தாழ்த்துவது அதற்கு ஈடாகாது.

மலிவான மின்வழங்கிப் பெட்டிகள் எமது பிரதேசத்தில் மிகுதி என்பதால், அதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஹஸ்வெல் சில்லுகள் சி6, அதனினும் ஆழ்ந்த சி7 ஆகிய நிலைகளில் 12 வோல்ற்று இணைப்பிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் 0.05 அம்பியர் என்ற அளவுக்குக் கீழிறங்கக்கூடும். அவ்வளவு சிறு சுமையில் ஒழுங்காக இயங்கும்படி அமைக்கப்படாத பழைய பெட்டிகள் தடுமாறும் என்ற காரணத்தால், பலகை உற்பத்தியாளர்கள் அந்நிலைகளை நிறுத்தும் வரியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஓய்வில் கணினி தானாக நின்றுபோகுமானால், புரோசசரைக் குறைகூறு முன் வேறொரு பெட்டியைப் பொருத்திப் பார்ப்பது புத்தி.

மின்சாரப் பட்டியலைக் கொண்டு பார்த்தால் இவ்விஷயத்தின் அவசியம் இன்னும் துலங்கும். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்ததும், அவ்வாண்டு ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதமும் கட்டணம் உயர்த்தப்பட்டதும் எவருக்கும் மறந்திராது. பின்னர் சில தடவைகள் குறைப்பு வந்தபோதிலும், கட்டணம் படிப்படியாக ஏறும் அமைப்பு மாறவில்லை. மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு கட்டணம்; அந்த எல்லையைத் தாண்டினால் முதல் 60 அலகுகளுமே உயர்ந்த விகிதத்தில் கணக்கிடப்படும், நிலையான கட்டணமும் ஏறும். கவனியாது விடப்பட்ட ஓவர்குளொக் ஓய்வு நேரத்தில் 30 வாற்று கூடுதலாக எரிக்கிறது என்று கொண்டால், நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலம் வீதம் மாதத்துக்கு 9 அலகு. 55 அலகில் நிற்கும் குடும்பமொன்றை அது 64க்கு ஏற்றிவிடும். ஒன்றுக்கும் உதவாத அந்த ஒன்பது அலகுக்காக, ஏனைய ஐம்பத்தைந்து அலகுக்கும் சேர்த்துத் தண்டம் கட்ட நேரும்.

மின்வெட்டு வரும்போது கைகொடுக்கும் யுபிஎஸ்ஸின் கதையும் இதுவே. சிறிய யுபிஎஸ்களில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ற்று, 7 அம்பியர்-மணி மின்கலம். கணக்கின்படி 84 வாற்று-மணி, நடைமுறையில் அதிலும் குறைவு. திறந்திருக்கும் கோப்பைச் சேமித்து, வாடிக்கையாளரின் படிவத்தை முடித்துக் கொடுப்பதற்கு எத்தனை நிமிடம் கிடைக்கும் என்பதை, கணினி அந்நேரத்தில் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

சோளகம் வீசும் மாதங்களில் வீதிப் புழுதி வீட்டுக்குள் வந்து கணினியின் வெப்பம் கடத்தும் தகடுகளிடையே கம்பளம்போல் படியும். இங்கே நண்பகலில் அறையின் வெப்பம் 35 பாகையைத் தொடுவது சாதாரணம். குளிர்நாட்டில் 20 பாகை அறையில் சோதித்து எழுதப்பட்ட ஓவர்குளொக் அளவுகளை அப்படியே இங்கே பிரயோகித்தால், சில்லின் வெப்பமும் அதே பதினைந்து பாகை கூடி நிற்கும். வெப்பம் கூடக் கசிவு மின்சாரம் கூடும். கசிவு கூட வெப்பம் கூடும். ஆகையால் இப்பிரதேசத்தில் 4.4 என்பதை 4.2 ஆகக் குறைத்துக்கொண்டு, அதற்கேற்ப வோல்ற்றையும் இறக்கிவிடுவதே அறிவுடைமை என்பேன்; வீடியோ முடிவதில் சில நிமிடமே பிந்தும்.

புதிய சில்லுகள் இவ்வேலையின் பெரும்பகுதியைத் தாமே ஏற்றுக்கொண்டுவிட்டன. ஏஎம்டியின் ரைசன் சில்லுகளில் எல்லா மையங்களையும் ஒரே வேகத்தில் கையால் பூட்டினால், அவை தாமாக வேகத்தை ஏற்றி இறக்கும் நுட்பத்தையே இழந்துவிடும். ஒற்றை மையத்தில் ஓடும் சிறு வேலைகள் முன்னிலும் மெதுவாக நடப்பதும் உண்டு. அவற்றுக்குப் பொருந்துவது, 2020இல் வந்த ரைசன் 5000 தலைமுறையோடு அறிமுகமான கேர்வ் ஒப்டிமைசர் என்ற முறை: வோல்ற்று அட்டவணையைச் சிறிது தாழ்த்திவிட்டு, வேகத்தைச் சில்லின் தீர்மானத்துக்கே விட்டுவிடுவது. இம்முறையில் ஓய்வு வசதிகள் முழுமையாக நிலைபெறும். அளவுக்கு மீறித் தாழ்த்தினால் தடுமாற்றம் நேர்வது பெரும்பாலும் கடும் வேலையில் அல்ல, லேசான வேலையில். ஒற்றை மையம் உச்ச வேகத்துக்குத் தாவுவது அப்பொழுதுதான்.

ஓய்வு நேரத்து வோல்ற்றளவு எவ்வளவு பாரதூரமான விஷயம் என்பதற்கு 2024ஆம் ஆண்டு கண்கூடான சான்று ஒன்றைத் தந்தது. இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைச் சில்லுகள் பலவற்றில் காரணம் விளங்காத தடுமாற்றங்கள் எழுந்தன. அந்நிறுவனம் உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியது. செப்டெம்பரில் தன் முடிவை அறிவித்தபோது, உயர்ந்த வோல்ற்றும் வெப்பமும் சில்லின் தாளச் சுற்றைக் காலத்துக்கு முன்னரே முதுமையடையச் செய்வதாகவும், சில்லின் உட்கட்டளைகளும் பயோஸும் ஓய்வு நிலையிலும் லேசான வேலையிலும் வேண்டாத உயர் வோல்ற்றைக் கேட்டது அதற்கான காரணங்களுள் ஒன்றாகவும் சொல்லிற்று. வேகத்தைக் கூட்டாத யந்திரங்களுக்கும் நேர்ந்த கதி அது. அத்தலைமுறைச் சில்லு வைத்திருப்பவர்கள் வேறு எதைச் செய்யு முன்னும் பயோஸைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

இறுதியாக, சோதனை பற்றி. ஓவர்குளொக் செய்தவர்கள் புரோசசரைக் கசக்கிப் பிழியும் மென்பொருளை மணிக்கணக்காக ஓட்டி, நின்றுபிடித்துவிட்டது என்று திருப்தியடைகிறார்கள். ஓய்வு வசதிகளோடு கூடிய யந்திரத்துக்கு அச்சோதனை பாதிதான். திரையில் ஒன்றுமின்றி இரவு முழுவதும் விட்டுவைக்க வேண்டும். ஸ்லீப் நிலைக்கு அனுப்பி எழுப்ப வேண்டும். ஒரு பாட்டை ஒலிக்கவிட்டு, இடையிடையே இணையப் பக்கங்களைத் திறந்து மூட வேண்டும். மறுநாள் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் வன்பொருட் பிழை ஏதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடும் வேலையில் நின்று, ஓய்வில் உறையுமானால், பயோஸுக்குள் சென்று ஒஃப்செட்டை 0.005 அல்லது 0.01 வோல்ற்று உயர்த்தி, மறுபடியும் ஓர் இரவு விட்டுப் பார்க்கலாம்; அதற்கும் அடங்காவிட்டால் பெருக்கியை ஒன்று குறைக்கலாம். சி-ஸ்டேட் வரிகளில் கைவைக்கத் தேவையில்லை.